பதிவேடு யாரிடம் இருக்கிறது? வேலூர் கிராமங்களில் மாற்றுத்திறனாளிகள் குழுக்களோடு பழகிய அனுபவம்

வேலூர்ப் பக்கத்தில் ஒருவர் காலை இழுத்து நடந்தாலோ, பிள்ளைக்கு ஐந்து வயதாகியும் பேச்சு வரவில்லையென்றாலோ, பார்க்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி "ஆஸ்பத்திரியில் காட்டினீர்களா?" என்பதுதான். அப்படிக் கேட்க இந்த ஊருக்குக் காரணம் இருக்கிறது. 1900இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனை இங்கே இருக்கிறது. தொழுநோய்க்கென்றே கரிகிரி ஆஸ்பத்திரி இருக்கிறது. பாகாயத்தில் 1966இல் மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமான டாக்டர் மேரி வர்கீஸ், 1954இல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே இயக்கம் இழந்தவர். அதன்பிறகும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். இளம்பிள்ளை வாதத்தால் சூம்பிய என் வலது காலுக்குக் காலிப்பர் என்கிற தாங்கு கருவி கிடைத்து நான் நடந்ததும் இந்த ஊர் ஆஸ்பத்திரிகளின் புண்ணியம்தான்.

ஆனால் இத்தனை நல்ல ஆஸ்பத்திரிகளுக்கு நடுவில் வாழ்வதில் ஒரு வில்லங்கமும் உண்டு. ஊனம் என்றால் அது டாக்டர் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்று ஊர் முடிவுகட்டிவிடுகிறது. பள்ளிக்கூடத்துப் படி, ஊராட்சி அலுவலக வாசல், ரேஷன் கடையில் விரல் ரேகை வைக்கும் கருவி, வங்கியின் உயரமான கவுண்டர், இவற்றுக்கெல்லாம் பொறுப்பாளி யாரும் இல்லை என்றாகிவிடுகிறது. கே.வி.குப்பம், அணைக்கட்டு, குடியாத்தம் பகுதிகளில் மாற்றுத்திறனாளிகள் குழுக்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. எங்கே போனாலும் முதலில் அவிழ்க்க வேண்டிய முடிச்சு இதுதான். "எங்களுக்கு ஏதாவது வைத்தியம் வாங்கித் தருவீர்களா சார்?" என்று கேட்டபடிதான் கூட்டத்துக்கே வருகிறார்கள்.

இந்த வேலையில் இருக்கிறவர்கள் பலரும் சட்டத்திலிருந்து தொடங்குகிறார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, 102 பிரிவுகள், 21 வகைக் குறைபாடுகள், 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறை, அரசு வேலையில் 4 சதவீதம், உயர்கல்வியில் 5 சதவீதம் என்று திரையில் ஓடும். மதியம் சாம்பார் சாதம், மாலையில் குழுப் புகைப்படம். அடுத்த மாதம் அதே ஊருக்குப் போய் என்ன நினைவிருக்கிறது என்று கேட்டால், "ஏதோ சட்டம் வந்திருக்கிறதாம்" என்பார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? நமக்கே வருமான வரிச் சட்டத்தை ஒரே நாளில் நடத்தினால் எவ்வளவு நிற்கும்? அதனால் முதல் சந்திப்பில் நான் ஒரு பிரிவு எண்ணைக்கூடச் சொல்வதில்லை. ஊரில் இருக்கும் மாற்றுத்திறனாளிகளின் பட்டியலில் தொடங்குகிறேன்.

சமுதாயக் கூடத்துத் தரையில் ஊரை வரையச் சொல்வேன். கோலமாவில்தான் முதலில் வரைந்துகொண்டிருந்தோம். ஒரு குழுவில் பார்வையற்ற பெரியவர் ஒருவர் இருந்ததால் கோலமாவை விட்டுவிட்டுக் கயிற்றுக்கு மாறினோம். கயிறு தெரு, புளியங்கொட்டை வீடு, சிறுகல் மாற்றுத்திறனாளி. அவர் விரலால் கயிற்றைத் தடவிக்கொண்டே போய், "மாரியம்மன் கோயில் தாண்டி மூன்றாவது வீட்டில் ஒரு பெண் இருக்கிறாளே, அவளுக்கு ஏன் கல் வைக்கவில்லை?" என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்கு மனநலப் பாதிப்பு. வீட்டார் வெளியே விடுவதில்லை. தெருவில் நடமாடுகிறவர்கள் யாரும் அவளைக் கணக்கில் சேர்க்கவில்லை; இரவில் அவள் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருந்த இவர்தான் சேர்த்தார்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் ஊனமுற்றோர் 2.21 சதவீதம். உலக சுகாதார நிறுவனமோ உலக மக்களில் ஆறில் ஒருவருக்குக் குறிப்பிடத்தக்க குறைபாடு இருக்கிறது என்கிறது. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கிறவர்கள் எங்கே என்று கேட்டால் கயிற்றுப் படம் ஓரளவு பதில் சொல்லும். ஊராட்சியில் கேட்டால் உதவித்தொகை வாங்குகிறவர்களின் பட்டியலைத் தருவார்கள். குழு கல் வைத்து எண்ணும் கணக்கு எப்போதும் அதைவிடப் பெரிதாகத்தான் வரும். தொழுநோய் குணமாகியும் விரல் நீளாதவர், அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டிய தலசீமியா குழந்தை, கை நடுக்கம் வந்த பார்க்கின்சன்ஸ் தாத்தா, எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாமல் திட்டு வாங்கும் பையன் எல்லோரும் வருவார்கள். "இவர்கள் எல்லாம் நம் கணக்கா?" என்று அப்போது ஒரு கேள்வி எழும். 1995 சட்டத்தில் 7 வகைதான் இருந்தது, இப்போது 21 என்று நான் சொல்வது அந்த இடத்தில்தான். அவர்களாகக் கேட்ட கேள்விக்குப் பதிலாக வந்ததால் அது மறப்பதில்லை.

இடையில் கூடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிப் பயிற்சிகள் அங்கேதான் தோற்கின்றன. கழிப்பறை இல்லாத இடத்தில் கூட்டம் போட்டால் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருவார்கள். வேலூர் வெயிலில் பிற்பகலுக்குள் தலைவலி வந்துவிடும். உட்கார்ந்து எழ முடியாதவர்களுக்கு மேற்கத்திய வகைக் கழிப்பறை வேண்டும். ஊரில் அது எங்கே இருக்கிறது என்று முதல் நாளே பார்த்து வைக்க வேண்டும். பெரும்பாலும் பள்ளியிலோ துணைச் சுகாதார நிலையத்திலோ இருக்கும், பூட்டியிருக்கும், சாவி யாரிடமாவது இருக்கும். அடுத்தது பஸ் நேரம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருகிறவருக்கும் 2021 ஜூலை முதல் டிக்கெட் இல்லை. ஆனால் அந்த பஸ் வந்தால்தானே! பஸ்ஸை ஒட்டித்தான் கூட்டம் தொடங்கவும் முடியவும் வேண்டும்.

பிழைப்பும் கெடக்கூடாது. குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்தில் கால் நடமாட்டம் இல்லாத பெண்களுக்குப் பீடி சுற்றுவதுதான் கையில் நிற்கும் வருமானம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு உரிமை பேச வாருங்கள் என்று கூப்பிட எனக்கு வாய் வராது. முறத்தோடு வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். மடியில் முறம், ஒரு பக்கம் வெட்டிய இலை, நடுவில் தூள், விரலிடுக்கில் நூல். கண் முறத்தில் இருக்கும், காது நம்மிடம் இருக்கும். ஒரு நல்ல கேள்வி வந்தால் மட்டும் கை நிற்கும். எந்த இடத்தில் கைகள் நின்றன என்று பார்த்தாலே பயிற்சி எங்கே பிடித்தது என்று தெரிந்துவிடும்; மாலையில் நிரப்பச் சொல்லும் கருத்துப் படிவத்தைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை.

காது கேளாதவர்களை முன்வரிசையில், பேசுகிறவர் முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்கார வைக்க வேண்டும். சைகை மொழி பெயர்ப்பவர் நகரத்தை விட்டு வெளியே வருவது அரிது. கிராமத்தில் பலர் பள்ளிக்கே போகாதவர்கள், வீட்டுச் சைகைதான் தெரியும். அக்காவோ தங்கையோ உடன் வந்து மாற்றிச் சொல்வார்கள். அப்போது நாம் பேசும் வேகம் தானாகவே பாதியாகக் குறையும், குறையட்டும். பார்வையற்றவர்கள் இருந்தால் யார் பேசினாலும் பேரைச் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும் என்று ஒரு விதி வைத்திருக்கிறோம். பேர் சொல்லிப் பழகியதால் வாயே திறக்காத பெண்களும் முதலில் பேரையாவது உரக்கச் சொல்கிறார்கள்.

பட்டியல் முடிந்ததும் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ். அது இல்லாமல் எதுவும் நகராது. குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் என்றால்தான் பெரும்பாலான சலுகைகள். தனித்துவ அடையாள அட்டை இப்போது மூன்று நிறத்தில் வருகிறது: 40க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 79 வரை மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம். பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை போன்ற மலை ஊராட்சிகளில் நடக்க முடியாத ஒருவரைச் சான்றிதழுக்காகக் கீழே இறக்கி, ஒடுகத்தூர் வழியாக அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை வரை கொண்டுபோவது ஒரு குடும்பத்தின் வாரக் கூலியைத் தின்றுவிடும். இங்கேதான் தனி மனுவுக்கும் பொது மனுவுக்கும் உள்ள வித்தியாசம் முதல்முறை புரியும். பத்துப் பேர் தனித்தனியாக "எனக்குச் சான்றிதழ் வேண்டும்" என்று எழுதினால் பத்துப் பேரையும் கீழே வரச் சொல்லிப் பதில் வரும். பத்துப் பேரின் பெயரும் வயதும் குறைபாட்டின் வகையும் போட்டு "எங்கள் ஊராட்சியில் முகாம் நடத்துங்கள்" என்று ஒரே மனு போனால் டாக்டர்கள் மேலே வருவதற்கு ஒரு வழி பிறக்கும். பட்டியல் கையில் இருக்கிற குழுவால்தான் அப்படி எழுத முடியும்.

மனு எழுதுவதைத்தான் அதிக நேரம் பழக்குகிறேன். ஆட்சியர் அலுவலகங்களில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு வருகிறவர்களில் பலர் வாசலில் காசு கொடுத்து எழுதி வாங்குகிறார்கள். "நான் மிகவும் ஏழை, கால் ஊனம், உதவித்தொகை இல்லை, வீடு இல்லை, தெருவுக்கு ரோடு இல்லை, தாங்கள் கருணை கூர்ந்து" என்று ஒரே தாளில் எல்லாம் இருக்கும். அதை வாங்குகிறவர் எந்தத் துறைக்கு அனுப்புவார்? முதலில் கண்ணில் பட்ட துறைக்கு. மீதி எல்லாம் அதோடு போய்விடும். ஒரு தாளுக்கு ஒரு விஷயம் என்பது எங்கள் முதல் பாடம். அனுப்புநர், பெறுநர், பொருள், அதற்கடுத்து 'பார்வை' என்று ஒரு வரி வருமே, அதை யாரும் நிரப்புவதில்லை. முன்பு கொடுத்த மனுவின் தேதியும் எண்ணும் எழுத வேண்டிய வரி அது. அந்த வரி நிரம்பிய மனுவுக்கும் காலியாக இருக்கும் மனுவுக்கும் அலுவலகத்தில் கிடைக்கும் மரியாதை வேறு. "இவர்கள் விடமாட்டார்கள்" என்று எதிரில் இருப்பவருக்குத் தெரிவிக்க அதைவிடப் பணிவான வழி இல்லை.

எழுதிப் பழகியதும் நடித்துப் பார்ப்போம். கூச்சப்படுகிறவரை மனுதாரராக நிறுத்தி "பேசு, பேசு" என்று தூண்டுவதுதான் வழக்கமாக நடக்கிறது. அவர் இன்னும் சுருங்கிப்போவார். நான் அவரை அதிகாரி நாற்காலியில் உட்காரவைப்பேன். கே.வி.குப்பம் பக்கத்தில் கணவர் விட்டுப்போன ஓர் அக்கா, கூட்டத்தில் தன் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் ஒரு வார்த்தை பேசமாட்டார். நாற்காலியில் உட்கார வைத்ததும் எங்கிருந்துதான் வந்ததோ, தலையை நிமிர்த்தாமல், தாளைப் புரட்டிக்கொண்டே, "ஆதார் ஜெராக்ஸ் எங்கே? அடுத்த வாரம் வாருங்கள். அடுத்தவர்!" என்றார். கூடம் சிரித்து அடங்க நேரமாயிற்று. பிறகு அவரிடம் கேட்டேன்: எந்த மனுவைப் படிக்கத் தோன்றியது? "சின்னதாக இருந்ததை. அப்புறம், தேதி சொல்லிப் பேசினாரே அவருடையதை." இதை நான் அரைமணி நேரம் விளக்கியிருந்தாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது.

நிஜமான திங்கட்கிழமை வந்தால், சத்துவாச்சாரியில் இருக்கும் ஆட்சியர் அலுவலகம் வரைக்கும் உடன் போவேன், வாசலில் நின்றுகொள்வேன். உள்ளே வரமாட்டேன். பேண்ட் சட்டை போட்டு, பை மாட்டிய ஒருவர் உடன் இருந்தால் அதிகாரியின் கண் அவர் மேல்தான் போகும், கேள்வியும் அவரிடம்தான் வரும். குழு மறுபடியும் பார்வையாளராகிவிடும். சில தொண்டு நிறுவன நண்பர்களுக்கு இதில் கோபம் வருகிறது. மனு கொடுக்கும் படத்தில் தாங்களும் இருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள்.

இனி முக்கியமான விஷயம். மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வரும். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தால் அடுத்த துவையலில் போய்விடும். ஒவ்வொரு குழுவிலும் ஒரு நீள நோட்டு இருக்க வேண்டும்: தேதி, மனு எண், என்ன கேட்டோம், எந்தத் துறைக்குப் போனது, என்ன பதில், அடுத்து என்றைக்கு யார் போக வேண்டும். சீட்டை அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவிட வேண்டும். "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தால் மகிழ்ந்துபோய்விடக் கூடாது. பதில் வந்த தேதியைப் போட்டு, அடுத்த மனுவின் 'பார்வை' வரியில் அதையும் சேர்க்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, "இன்ன தேதி கொடுத்த இன்ன எண் மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன?" என்று ஒரே வரி கேட்டால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். வீட்டுத் திட்டங்களிலும் நில ஒதுக்கீட்டிலும் 5 சதவீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு, அதிலும் பெண்களுக்கு முன்னுரிமை என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 37ஆம் பிரிவு சொல்கிறது. "எங்களுக்கு வீடு தாருங்கள்" என்று கேட்பதைவிட, "சென்ற ஆண்டு இந்த ஊராட்சியில் எத்தனை வீடுகள் ஒதுக்கப்பட்டன, அவற்றில் மாற்றுத்திறனாளிகளுக்கு எத்தனை?" என்று கேட்டுப் பதில் வாங்கி வைத்துக்கொண்டு பேசுவது வேறு பேச்சு.

நோட்டைத் தலைவர் வைத்துக்கொள்ளக் கூடாது. இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். தலைவர் கட்சிக்குப் போவார், வெளியூர் போவார், கோபித்துக்கொண்டு போவார், நோட்டும் போய்விடும். தொண்டு நிறுவனத்தின் அலமாரியில் இருந்தாலும் அதே கதிதான், திட்டத்துக்கான பணம் நின்ற மறுநாள் அலமாரி பூட்டப்படும். ஊரை விட்டு நகராத, நிதானமான ஒருவரிடம் இருக்கட்டும். எங்கள் குழுக்களில் பெரும்பாலும் பீடி சுற்றும் பெண்கள்தான் வைத்திருக்கிறார்கள். ஆயிரத்துக்கு எத்தனை கழிவு, எவ்வளவு கூலி என்று தினமும் கணக்கு வைத்துப் பழகியவர்கள், ஒரு தேதி தவறாது. பயிற்சி எப்படி நடந்தது என்று யாராவது கேட்டால், வந்தவர்கள் எத்தனை பேர் என்பதை விட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் என்ன தேதி இருக்கிறது என்றுதான் நான் பார்ப்பேன். ஆறு மாதப் பழைய தேதி என்றால் அந்தக் குழு வெறும் பெயருக்குத்தான் இருக்கிறது.

சாய்தளக் கதையை இங்கே சொல்ல வேண்டும். ஓர் ஊராட்சியில் வாக்குச்சாவடி அமையும் பள்ளிக்குச் சாய்தளம் கட்டியிருந்தார்கள். சக்கர நாற்காலி ஏறாது. இருவர் தள்ளினாலும் பாதியில் பின்னால் சாயும். குழந்தைகள் மட்டும் அதைச் சறுக்குமரமாக நன்றாகப் பயன்படுத்தினார்கள். "சாய்தளம் சரியில்லை" என்று குழு எழுதிய மனுவுக்கு "சாய்தளம் ஏற்கெனவே அமைக்கப்பட்டுள்ளது" என்று பதில் வந்தது. இரண்டும் உண்மை!

அடுத்த கூட்டத்துக்கு அளவு நாடா கொண்டுபோனேன். ஓர் உறுப்பினரின் கணவர் கொத்தனார், ரசமட்டமும் நூலும் எடுத்துவந்தார். மூன்று படி, படிக்கு அரை அடி, மொத்த உயரம் ஒன்றரை அடி. சாய்தளத்தின் நீளம் 6 அடி. விதி என்ன? ஓர் அடி உயரத்துக்குக் குறைந்தது 12 அடி நீளம், அதாவது 1:12. ஒன்றரை அடிக்கு 18 அடி வேண்டும். கட்டியிருப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு. கணக்கைக் கேட்டதும் கூட்டத்தில் இருந்தவர்களின் முகம் மாறியதைப் பார்க்க வேண்டும். இத்தனை நாளும் தங்கள் கையில் பலம் இல்லை, அதனால்தான் ஏற முடியவில்லை என்று நினைத்திருந்தவர்கள். புது மனுவில் கருணை, தயவு எதுவும் இல்லை. உயரம், நீளம், இருக்க வேண்டிய நீளம், ஒரு புகைப்படம், 'பார்வை' வரியில் பழைய மனு. ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை விதிகள் வந்த 5 ஆண்டுகளுக்குள் அணுகத்தக்கதாக்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 45ஆம் பிரிவு சொல்கிறது. விதிகள் 2017 ஜூனில் வந்துவிட்டன, அந்தக் கெடு 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது என்பதையும் ஒரு வரியில் சேர்த்தோம். பொறியாளர் நேரில் வந்தார். அவரும் நாடா வைத்து அளந்து பார்த்தார். 18 அடிக்கு நேர்கோட்டில் இடம் இல்லாததால் நடுவில் சமதளம் விட்டு ஒரு திருப்பம் வைத்துக் கட்டினார்கள். கைப்பிடி வைக்கவில்லை. அதற்குத் தனி மனு, நோட்டில் தனிப் பக்கம்.

குழு என்றால் எல்லோருக்கும் ஒரே குரல் என்று வெளியிலிருந்து நினைப்பார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான சிறப்புச் சுய உதவிக் குழுவுக்கு 5 பேர் இருந்தாலே போதும் என்பதால் தொடங்குவது எளிது. ஆனால் என்னைப் போன்ற கால் ஊனமுற்ற ஆண்கள்தான் எல்லா இடத்திலும் தலைவராகிறோம். மூன்று சக்கர ஸ்கூட்டர் இருக்கிறது, போக வர முடிகிறது, பேச வருகிறது. அதனால் மனு எல்லாம் ஸ்கூட்டர், சாய்தளம், பெட்டிக்கடை என்றே போகும். காது கேளாதவரின் பிரச்சினையும் மனநலம் பாதித்தவரின் பிரச்சினையும் பட்டியலிலேயே வராது. ஆகவே இரண்டாவது பொது மனு நிர்வாகிகளின் குறைபாட்டு வகையைச் சேராத ஒருவருக்காக இருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்துகொண்டோம். ஒரு குழு எடுத்தது தொழுநோய் குணமான ஒரு மூதாட்டியின் ரேஷன் விவகாரம். விரல் ரேகை தேய்ந்து கருவியில் விழவில்லை. சாமான் வாங்காமல் பலமுறை திரும்பியிருக்கிறார். அவர் சார்பில் வாங்க வேறொருவருக்கு அங்கீகாரம் கேட்டு எழுதினார்கள். கிடைத்தது. அதைவிடப் பெரிய மாற்றம், அதுவரை அவர் பக்கத்தில் உட்காரத் தயங்கியவர்கள் படிவத்தில் கையெழுத்து வாங்குவதற்காக அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தேநீர் குடித்ததுதான். இப்போது மாற்றுத்திறனாளிகளின் வீட்டுக்கே ரேஷன் பொருள் கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியிருக்கிறது. அந்தப் பட்டியலில் யார் விடுபட்டார்கள் என்று பார்ப்பது எல்லாக் குழுவின் நோட்டிலும் ஏறியிருக்கிறது.

அறிவுசார் குறைபாடுள்ளவர்களின் பெற்றோர் தனி ரகம். அவர்கள் உரிமை பேச வருவதில்லை, ஒரே ஒரு கேள்வியோடு வருகிறார்கள்: "எங்களுக்குப் பிறகு யார்?" அதற்குப் பதில் சொல்லாமல் வேறு எதைப் பேசினாலும் அவர்கள் காதில் ஏறாது. தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999இன் கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ளூர்க் குழு இருக்கிறது, 18 வயது முடிந்த பிள்ளைக்குச் சட்டப்படியான பாதுகாவலரை அது நியமிக்கும், ஒரு லட்சம் ரூபாய் வரையிலான நிரமயா மருத்துவக் காப்பீடு இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுவேன். அதன்பிறகுதான் பிள்ளையிடம் நேராகப் பேசுவதைப் பற்றிப் பேச்செடுக்க முடியும்.

பெண்களுக்கு மட்டும் ஒரு அமர்வு கட்டாயம் வேண்டும், நானோ வேறு ஆண்களோ அந்தக் கூடத்தில் இருக்கக் கூடாது. என் சக பயிற்சியாளரான அக்காதான் நடத்துவார். அங்கே பேசப்படுவது எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஒன்று மட்டும் எல்லாக் குழுவிலும் சொல்லிவைக்கச் சொல்லியிருக்கிறேன்: பாலியல் குற்றத்துக்கு ஆளான மாற்றுத்திறனாளிப் பெண் காவல் நிலையத்துக்குப் போக வேண்டியதில்லை, அவர் வீட்டிலோ அவருக்கு வசதியான இடத்திலோ, மொழிபெயர்ப்பாளரையோ சிறப்புக் கல்வியாளரையோ வைத்துக்கொண்டு, வீடியோ பதிவோடு புகாரை எழுதிக்கொள்ள வேண்டும் என்பது சட்டம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 92ஆம் பிரிவு பற்றி ஒரு வார்த்தை. மாற்றுத்திறனாளியைப் பொது இடத்தில் வேண்டுமென்றே அவமதித்தால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை என்கிற பிரிவு அது. பயிற்சியில் இதை முதலில் சொல்லிவிட்டால் வேறு எதுவும் நிற்காது, மறுநாளே கடைக்காரர் முதல் கண்டக்டர் வரை எல்லோரிடமும் "92 தெரியுமா?" என்று கிளம்பிவிடுவார்கள். நான்கு இடத்தில் சொல்லி ஓர் இடத்திலும் வழக்குப் போடாவிட்டால் அந்தப் பிரிவுக்கு ஊரில் மதிப்புப் போய்விடும். உண்மையில் வேண்டிய நாளில் எடுத்தால் யாரும் பயப்படமாட்டார்கள். எனவே கடைசியில்தான் சொல்கிறேன், சாட்சி, தேதி, இடம் மூன்றையும் நோட்டில் எழுதிய பிறகே அந்த எண்ணை வாயில் எடுக்க வேண்டும் என்று சேர்த்துச் சொல்கிறேன்.

இந்த வேலையின் போக்கு இப்போது கொஞ்சம் திரும்பியிருக்கிறது. உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத்திருத்தத்தைத் தமிழக சட்டமன்றம் 2025 ஏப்ரலில் நிறைவேற்றியது. இதுவரை வாசலில் நின்று மனு கொடுத்தவர்கள் மன்றத்துக்குள் உட்கார வேண்டிய நேரம் இது. இதற்கான பயிற்சி வேறு. ஊராட்சியின் வரவு செலவுத் தாளைப் படிக்கத் தெரிய வேண்டும். அந்தந்த ஆண்டு வேலைகளில் எது எப்போது முடிவாகிறது என்று தெரிய வேண்டும். ஊராட்சித் தலைவரின் சொந்தக்காரராகப் பார்த்து நியமனம் போகாமல் இருக்க, குழு தன் ஆளைத் தானே முன்கூட்டித் தீர்மானித்து வைக்க வேண்டும். இல்லையென்றால் ஊரில் யாருக்கும் தெரியாத ஒருவரின் பெயர் பலகையில் வந்துவிடும்.

கிராம சபையிலிருந்து தொடங்குவது நல்லது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. பல ஊர்களில் வருகைப் பதிவில் முதலில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள், தீர்மானம் பிறகு எழுதப்படும். "எங்கள் கோரிக்கையை ஏற்றுக்கொண்டார்கள்" என்று குழு சந்தோஷமாக வீடு திரும்பும்; தீர்மானப் புத்தகத்தில் அது இருக்காது. அதனால் எழுதி முடித்த தீர்மானத்தைப் படித்துக்காட்டிய பிறகே கையெழுத்து என்று சொல்லிக்கொடுக்கிறோம். "எழுதியதை நான் பார்க்க முடியாது, படித்துச் சொல்லுங்கள்" என்று பார்வையற்ற உறுப்பினர் கேட்டால் செயலாளரால் மறுக்க முடிவதில்லை. ஓர் ஊரில் கயிற்றுப் படத்தில் கல் கேட்ட அந்தப் பெரியவர் இப்படித்தான் முழுப் புத்தகத்தையும் உரக்கப் படிக்க வைத்தார். தெரு விளக்குக்கும் குடிநீர்க் குழாய்க்கும் என்ன எழுதியிருக்கிறது என்று ஊர் மொத்தமும் அன்றைக்குத்தான் கேட்டது. அடுத்த கிராம சபைக்கு அவரைக் கூட்டிவரச் சொல்லி, ஊனமே இல்லாத மூன்று பேர் குழுவிடம் வந்து கேட்டிருக்கிறார்கள்.